நமக்கென்று ஒரு டாக்டர், நமக்கென்று ஒரு கொப்பி

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறை, சேமலாப நிதி என்று பேசிப் பழகிய மேடையில் இன்று டாக்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதலில் ஒரு கேள்வி. உங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யார் என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். கிராம சேவகர், தபால்காரர், கடன் தருகிற கடைக்காரர் எல்லோரையும் சொல்வீர்கள். உங்கள் டாக்டர் யார்? ஆஸ்பத்திரி எது என்று நாங்கள் கேட்கவில்லை. உங்கள் பெயரும் உங்கள் வியாதியும் தெரிந்த டாக்டர் யார் என்று கேட்கிறோம். கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு கைகூட உயரவில்லை. இதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

நமது அங்கத்தவர் ஒருவர், கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. பெயர் வேண்டாம். அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று முதலில் சொன்னது ஒரு நடமாடும் கிளினிக். அங்கே ஒரு துண்டு கொடுத்தார்கள். பிறகு பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு கொப்பி போட்டார்கள். கிளினிக் நாளில் வேலைக்கு நிற்க வேண்டியிருந்ததால் இரண்டு மாதம் போகவில்லை. தலைசுற்று வந்தபோது தனியார் டாக்டரிடம் காசு கொடுத்து மருந்து எடுத்தார். அங்கே இன்னொரு துண்டு. மூன்று இடம், மூன்று காகிதம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் அவர் புது நோயாளி.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அவருக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று நீர் போகிற மாத்திரை. காலையில் போட்டால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு அடிக்கடி போகவேண்டி வரும். மலையில் கழிப்பறை ஏது? பக்கத்து நிரையில் ஆம்பிளைகள், மேலே கங்காணி. அக்கா அந்த மாத்திரையை வேலை நாளில் போடாமல் விட்டார். கிளினிக்கில் பிரஷர் கூடியிருந்தது. “மருந்து ஒழுங்காகப் போடுகிறாயா?” என்று கேட்டார்கள். பயத்தில் “போடுகிறேன் ஐயா” என்றார். மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். கூட்டிக் கொடுத்ததும் வீட்டுத் தட்டில்தான் கிடந்தது. ஒரு நாள் விடியற்காலை கையும் காலும் விழுந்துவிட்டன. பாரிசவாதம். இன்று அவர் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மகள் படிப்பை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள்.

யார் பிழை? அந்த டாக்டர் கெட்டவரா? இல்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிறவர் அவர். அக்கா பொய்க்காரியா? அதுவும் இல்லை. மலையில் கழிப்பறை இல்லை என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரத்தை மாற்றியிருப்பார், அல்லது வேறு மாத்திரை கொடுத்திருப்பார். ஒரே டாக்டர், ஒரே தாதி, ஒரே கொப்பி என்று இருந்திருந்தால் மூன்றாம் தடவையாவது அந்த உண்மை வெளியே வந்திருக்கும். பழக்கமில்லாதவரிடம் நமது பெண்கள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள்.

தோழர்களே, இந்தக் குறையை உலகத்தில் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு வழியையும் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1967இல் குழந்தை வைத்தியர்களின் சங்கம் ஒரு சொல்லைக் கொண்டுவந்தது. தமிழில் சொன்னால் “மருத்துவ வீடு”. நாட்பட்ட வியாதியுள்ள பிள்ளைகளின் பதிவுகள் நாலு இடத்தில் சிதறிக் கிடக்காமல் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் அதன் முதல் அர்த்தம். 2007இல் அந்நாட்டு வைத்தியர்களின் நான்கு பெரிய அமைப்புகள் சேர்ந்து அதைப் பெரியவர்களுக்கும் விரித்து, நோயாளியை நடுவில் வைக்கும் மருத்துவ வீடு என்று கொள்கையாக எழுதின. அதன் சாரம் இதுதான். ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு டாக்டர். அவரோடு தாதி, மருந்தாளர் என்று ஒரு குழு. வியாதியை மட்டும் பார்க்காமல் ஆளை முழுதாகப் பார்ப்பது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும், திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று தெரிந்து வைத்திருப்பது. தேவைப்படுகிற நேரத்தில் போய்ப் பார்க்க முடிவது.

வீடு என்ற சொல்லைக் கேட்டு கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். சுகமில்லாமல் வருகிற ஒருவரை “நீ யார், எங்கிருந்து வருகிறாய்?” என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அதுதான் இங்கே வீடு.

அமெரிக்காவை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். காசில்லாவிட்டால் வைத்தியமும் இல்லை என்கிற நிலை அங்கே பலருக்கு உண்டு. அந்த விஷயத்தில் அவர்கள்தான் நம்மிடம் படிக்கவேண்டும். ஆனால் இந்த முறையில் அவர்கள் பட்ட அனுபவத்தில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது.

முதலாவது, சியாட்டில் பகுதியில் குரூப் ஹெல்த் என்ற அமைப்பு 2006 முதல் தனது ஒரு கிளினிக்கில் இதைச் செய்து பார்த்தது. ஒரு டாக்டருக்கு ஏறத்தாழ 2300 பேர் என்று இருந்ததை 1800 ஆகக் குறைத்தார்கள். ஒரு நோயாளிக்கு 20 நிமிடம் என்று இருந்ததை 30 நிமிடமாக்கினார்கள். கிளினிக்குக்கு வராதவர்களைத் தாங்களே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்த்தால், மற்றக் கிளினிக்குகளோடு ஒப்பிடும்போது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது 29 வீதம் குறைந்திருந்தது. வார்டில் படுப்பது 6 வீதம் குறைந்திருந்தது. வேலை செய்கிறவர்களின் களைப்பும் குறைந்தது.

இரண்டாவது, பென்சில்வேனியா மாநிலத்தில் 32 கிளினிக்குகள் இதே பெயரில் இறங்கின. மூன்று வருடத்தின் பின் 11 அளவுகோல்களை வைத்துப் பார்த்தார்கள். தெளிவாக முன்னேறியது ஒன்றே ஒன்று. அதாவது பெயர்ப்பலகையை மாட்டுவதாலும் சான்றிதழ் எடுப்பதாலும் மட்டும் சுகம் வந்துவிடாது. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், வராதவரைத் தேடிப் போக வேண்டும். அரசாங்கம் நாளைக்கு நமக்கும் ஒரு பலகை மாட்டித் தரலாம். அன்றைக்கு இந்தப் பாடத்தை நினைவில் வைத்திருங்கள்.

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். தாய்மார்களே, நீங்கள் பிள்ளை உண்டானபோது என்ன நடந்தது? மருத்துவமாது பெயரைப் பதிந்தார். ஒரு அட்டை கொடுத்தார். மாதாமாதம் நிறை, பிரஷர், இரத்தம் எல்லாம் அந்த அட்டையில் ஏறியது. எந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாலும் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள். பிள்ளை பிறந்ததும் அதற்கொரு கொப்பி. தடுப்பூசி போட வராவிட்டால் மருத்துவமாது லயத்துக்கே வந்து “ஏன் வரவில்லை?” என்று கேட்டார்.

மருத்துவ வீடு என்றால் இதுதான்! 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இந்த நாடு கட்டிவந்த முறை இது. மருத்துவமாதுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எத்தனை வீடு, எத்தனை கர்ப்பிணித் தாய், எத்தனை பிள்ளை என்று அவருக்குத் தெரியும். தாய் மரணமும் சிசு மரணமும் இந்நாட்டில் குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் பிள்ளை வளர்ந்து, தாய்க்கு நாற்பது வயதாகி, சீனி வியாதி வந்தவுடன் அந்த வீட்டின் கதவு மூடிக்கொள்கிறது. அவரைப் பதிந்து வைத்திருக்கிற டாக்டர் கிடையாது. வராவிட்டால் தேடி வருகிறவர் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரி எதற்கும் யாரும் போகலாம், காசு இல்லை. இது நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத உரிமை. ஆனால் எங்கேயும் போகலாம் என்பதால் எங்கேயும் நம்மைத் தெரியாது. இன்று இந்நாட்டில் நடக்கிற மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றாத நோய்களால்தான். ஒரு தடவை மருந்தெடுத்து மாறுகிற வியாதிகள் அல்ல இவை. ஆயுள் முழுதும் ஒருவர் கூடவே நின்று பார்க்கவேண்டிய வியாதிகள்.

தோட்டத்தில் நமது நிலை இன்னும் ஒரு படி கீழே. காரணம் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பில் வைத்தது. நாட்டுக்கு ஒரு சுகாதாரம், தோட்டத்துக்கு ஒரு சுகாதாரம் என்று பிரிந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. டிஸ்பென்சரி மட்டும் பெரும்பாலும் தோட்டத்தோடேயே நின்றுவிட்டது. அங்கே தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கிறார். நம்மைத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் அரசாங்க டாக்டரின் கொப்பிக்கும் அவருடைய கொப்பிக்கும் தொடர்பில்லை. தெரிந்தவரிடம் அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவருக்கு நம்மைத் தெரியாது.

இதன் விளைவு கணக்கிலும் தெரிகிறது. 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப் பகுதியில் 32 வீதம். இது மருந்தால் மட்டும் தீருகிற விஷயமல்ல. சம்பளம், சாப்பாடு, தண்ணீர், லயம் எல்லாம் இதில் இருக்கிறது. ஆளை முழுதாகப் பார்க்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2018இல் சுகாதார அமைச்சு ஒரு புதிய கொள்கையைக் கொண்டுவந்தது. ஒரு ஆதார வைத்தியசாலையைச் சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளையும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளையும் ஒரே கொத்தணியாக்குவது, ஒவ்வொரு பிரிவுக்கும் இன்ன பகுதி மக்கள் என்று வகுப்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதாரப் பதிவு வைப்பது என்பது அதன் அடிப்படை. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் இதற்குப் பணம் கொடுத்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்டம் எடுத்துக்கொண்ட நான்கு மாகாணங்களில் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்கள் மூன்றும் இருக்கின்றன. அவை நமது மாகாணங்கள். சுகவாழ்வு நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் அங்கே காசில்லாமல் நிறை, பிரஷர், சீனி எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. எழுதப்பட்டதை லயத்து வாசல்வரை கொண்டுவா என்று கேட்கிறோம். அது வந்துசேராமல் வழியில் நிற்பதற்கு நாலு தடை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நமது கோரிக்கை இருக்கிறது.

முதல் தடை விலாசம். பகுதி பிரித்துப் பதிவதென்றால் வீட்டுக்கு இலக்கம் வேண்டும். நமது லயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து கிடக்கிறது. கிளினிக்குக்கு வராதவரைத் தேடி வருவதென்றாலும் எந்தக் காம்பராவுக்கு வருவது? ஒவ்வொரு டிவிஷனும் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று எழுத்தில் அறிவிக்கவேண்டும். லயத்துக்கும் காம்பராவுக்கும் இலக்கம் கொடுத்துக் குடும்பங்களைப் பதியவேண்டும்.

இரண்டாவது தடை பேர். கிளினிக் வேலை நாளில் காலையில் நடக்கிறது. விடிய எழும்பி பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மருந்து எடுத்துத் திரும்ப பகலாகிவிடும். அன்றைய பேர் போய்விடும். மருந்து இனாம்தான், ஆனால் அதை எடுக்கப் போகிற நாளுக்கு நாம் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கிறோம். ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளம்! கிளினிக் கொப்பியில் திகதி குறிக்கப்பட்டவருக்கு அன்று சம்பளத்தோடு நேரம் கொடுக்கவேண்டும் என்பதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நாம் வைக்கவேண்டும். அதோடு, மாதத்தில் ஒரு கிளினிக்காவது ஞாயிற்றுக்கிழமையிலோ, கொழுந்து நிறுத்த பிறகு பின்னேரத்திலோ நடக்கவேண்டும்.

மூன்றாவது தடை பாஷை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் மருந்துப் பக்கற்றில் எத்தனை தடவை, எப்போது என்பதை வாசிக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறோம். பெண்ணொருவர் தன் உடம்பில் உள்ள கஷ்டத்தை மூன்றாம் ஆள் மூலம் மொழிபெயர்த்துச் சொல்வாரா? நமது டிவிஷன்களைப் பார்க்கிற குழுவில் தமிழ் பேசுகிற ஒருவராவது கட்டாயம் இருக்கவேண்டும். மருந்துப் பக்கற்றில் தமிழில் எழுதவேண்டும்.

நான்காவது தடை டிஸ்பென்சரி. தோட்ட வைத்திய உதவியாளரையும் தோட்டத்து மருத்துவமாதையும் ஒதுக்கிவிட்டு ஒரு முறை அமைத்தால் அது நடக்காது. அவர்களைப் பயிற்றுவித்து அரசாங்கக் குழுவின் கையாகச் சேர்க்கவேண்டும். பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு டாக்டர் எழுதிய மாத மருந்து டிஸ்பென்சரிக்கு வந்து சேரட்டும். பிரஷரை அங்கேயே பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். கூடினால் டாக்டரிடம் அனுப்பட்டும். அப்படிச் செய்தால் டாக்டருக்கும் கூட்டம் குறையும், நம்மோடு பேச நேரம் கிடைக்கும்.

தோழர்களே, கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்காருவது சங்கத்தின் வழக்கமல்ல. அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

லயம் லயமாகப் போங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் 35 வயதுக்கு மேல் எத்தனை பேர், அவர்களில் ஒரு தடவையாவது பிரஷரும் சீனியும் பார்த்தவர் எத்தனை பேர், தொடர்ந்து மருந்தெடுப்பவர் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரியில் எடுக்கிறார், கடந்த மூன்று மாதத்தில் எத்தனை கிளினிக் தவறியது, ஏன் தவறியது என்று எழுதுங்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். யாருக்கு என்ன வியாதி என்பதை எழுதவேண்டாம். வியாதி ஒருவருடைய சொந்த விஷயம். அது பிரட்டுக்களத்துப் பேச்சாகிவிட்டால் அடுத்த தடவை யாரும் நமக்குக் கதவு திறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, வீட்டில் உள்ள துண்டு, கொப்பி, இரத்தப் பரிசோதனைக் காகிதம், மருந்து மட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையோடு போகவேண்டும். அரசாங்கம் ஒரே கொப்பி தருகிற வரைக்கும் அந்தப் பைதான் நமது கொப்பி.

மூன்றாவது, மாத்திரையை விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் கொடுங்கள். முதல் தடவை தலைவி கூடப் போங்கள். “ஐயா, மலையில் கழிப்பறை இல்லை, அதனால் இந்த மாத்திரையைக் காலையில் போட முடியவில்லை” என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. வெட்கப்படவேண்டியவர்கள் மலையில் கழிப்பறை கட்டாதவர்கள்.

நான்காவது, உங்கள் பகுதி ஆஸ்பத்திரியின் அபிவிருத்திக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தோட்டத்திலிருந்து ஒருவரும் இல்லையென்றால் கடிதம் கொடுங்கள். பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாம் கைக்கு வந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு மாகாணச் சுகாதார அதிகாரிகளையும் கம்பெனிகளையும் சந்திப்போம். “எங்களுக்குக் கஷ்டம்” என்று பொதுவாகச் சொன்னால் பார்ப்போம் என்பார்கள். இன்ன டிவிஷனில் இத்தனை பேர், இத்தனை கிளினிக் தவறியது, காரணம் அன்றைய பேர் என்று கணக்கோடு போனால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த அக்காவின் கையும் காலும் இனிப் பழையபடி வருமா என்பது சந்தேகம். ஆனால் அவருடைய லயத்திலேயே, அதே மாத்திரையைத் தட்டில் போட்டு வைத்திருக்கிற இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ! அவர்களை இந்த மாதத்துக்குள் கண்டுபிடிப்போம். அடுத்த வருடம் இதே மண்டபத்தில் “உங்கள் டாக்டர் யார்?” என்று மறுபடி கேட்போம். அன்றைக்குக் கைகள் உயரவேண்டும்.